தலைக்கு இருநூற்றைம்பது ரூபாய்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் காலனிப் பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு மஞ்சள் நோட்டீஸ். நடுவில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு சிரிக்கும் ஒரு பையன் படம். இலவசப் பயிற்சி, இலவசத் தங்குமிடம், இலவச உணவு, சீருடை, அரசு சான்றிதழ், நூறு சதவீத வேலைவாய்ப்பு.

"யக்கா, இதுல சேரலாமா?"

நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வாசகத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஒன்பது வருடத்துக்கு முன்னால் இதே வாசகம் அச்சடித்த நோட்டீஸைப் பை நிறைய வைத்துக்கொண்டு வந்தவாசி, சேத்துப்பட்டு, செய்யாறு பக்கத்துக் காலனிகளில் வீடு வீடாகக் கொடுத்தவள் நான்தான். இந்தப் பெண்ணின் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தவளும் நான்தான்.

இந்தப் பக்கத்தில் அரசுத் திட்டங்களைப் பற்றி எத்தனையோ எழுதியிருக்கிறேன். இதை மட்டும் எழுதவில்லை. வெட்கம்தான் காரணம். வேறு காரணம் சொன்னால் பொய்.

2016இல் நான் எம்.ஏ. சமூகவியல் முடித்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒரு தொண்டு நிறுவனத்தில் பார்த்துக்கொண்டிருந்த வேலை திட்டம் முடிந்ததோடு முடிந்துபோனது. வீட்டில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. அப்போது திறன் பயிற்சி மையம் நடத்தும் ஒரு தனியார் நிறுவனத்தில் மொபிலைசர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். மாதம் ஒன்பதாயிரம் சம்பளம். கொண்டுவந்து சேர்க்கும் ஒவ்வொரு ஆளுக்கும் இருநூற்றைம்பது ரூபாய் ஊக்கத்தொகை. நேர்முகத் தேர்வில் மேனேஜர் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "நீங்க எஸ்சி தானே மேடம்? காலனிக்குள்ள போக உங்களுக்குப் பிரச்சினை இருக்காது இல்ல?"

அந்தக் கேள்வியின் பொருள் பிறகுதான் புரிந்தது. கிராமப்புற இளைஞர்களுக்காக ஒன்றிய அரசு 2014 செப்டம்பரில் தீனதயாள் உபாத்யாயா பெயரில் தொடங்கிய திட்டத்தில் ஒரு விதி உண்டு. நிதியில் பாதி பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் போகவேண்டும். பயனாளிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்கவேண்டும். காகிதத்தில் படித்தால் நல்ல விதி. நடைமுறையில் என்ன ஆகும்? மையம் நடத்துபவருக்கு ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கையில் நம் பிள்ளைகள் தேவை. சாதிச் சான்றிதழ் ஜெராக்ஸ் தேவை. அதைக் கொண்டுவர நம் ஆளே தேவை. ஊருக்குள் இருக்கும் வேறு எந்த அலுவலகத்திலும் என் சாதி ஒரு தகுதியாக இருந்ததில்லை. அங்கே இருந்தது.

ஒரு ஸ்கூட்டி வாங்கிக்கொண்டேன். காலையில் கிளம்பினால் இரவுதான் வீடு. காலனிக்குள் நுழைந்ததும் முதலில் மாரியம்மன் கோயில் திண்ணையில் உட்காரும் பையன்களிடம் பேசுவேன். பத்தாவது முடித்தவன் யார், பிளஸ் டூவில் ஒரு பாடம் போனவன் யார், படிப்பை விட்டுவிட்டுச் செங்கல் சூளைக்குப் போகிறவன் யார் என்று பெயர் எழுதிக்கொள்வேன். பிறகு அம்மாக்களிடம். அப்பாக்களிடம் பேசிப் பயனில்லை என்பது ஒரு வாரத்திலேயே தெரிந்துவிட்டது. கோரை அறுப்புக்கும் நூறு நாள் வேலைக்கும் போய்விட்டு வரும் அம்மாக்கள் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, "நம்ம வூட்டுப் பொண்ணு, எம்மாம் படிச்சிருக்குது பாரு" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வார்கள். என் எம்.ஏ. பட்டம் நோட்டீஸில் அச்சடிக்காத விளம்பரமாக இருந்தது.

அந்தப் பெண்ணின் அண்ணனைத் தம்பி என்றே எழுதுகிறேன். எனக்குச் சொந்தமும்கூட. பெரியம்மா வழியில் தம்பி முறை. பத்தாவதில் நல்ல மதிப்பெண். பிளஸ் டூவில் கணக்கில் போய்விட்டது. ஐடிஐயில் ஃபிட்டர் பிரிவுக்கு விண்ணப்பம் போட்டிருந்தான். பெரியம்மா என்னிடம்தான் யோசனை கேட்டது. "ரெண்டு வருசமாம்மே. அதுல சேக்கட்டா, நீ சொல்றதுல சேக்கட்டா?"

நான் சொன்னது இன்றும் நினைவிருக்கிறது. "ரெண்டு வருஷம் எதுக்குப் பெரிம்மா? இங்க மூணே மாசம். அதுக்கப்புறம் வேலை. கையில காசு வந்துடும்."

அந்த மாதம் என் டார்கெட்டுக்கு இரண்டு பேர் குறைந்திருந்தார்கள்.

மையம் ஒரு பழைய கல்யாண மண்டபத்தின் மாடியில் இருந்தது. கீழே முகூர்த்த நாட்களில் மேளம் அடிக்கும், மேலே ஆங்கில வகுப்பு நடக்கும். பத்து கம்ப்யூட்டர். கண்காணிப்பு கேமரா. கைரேகை வைக்கும் மெஷின். அந்த மெஷின்தான் அந்தக் கட்டடத்தின் சாமி. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை விரலை வைத்தாகவேண்டும். நடுவில் வகுப்பு நடந்ததா, ஆசிரியர் வந்தாரா என்பதை எந்த மெஷினும் பதிவதில்லை. சில்லறை விற்பனை உதவியாளர் பயிற்சி என்று மூன்று மாதம். வாடிக்கையாளரைப் பார்த்து எப்படிச் சிரிப்பது, எப்படிக் கைகூப்புவது, ஆங்கிலத்தில் நான்கு வாக்கியம். கடை மாதிரி ஒரு ஓரத்தில் பிஸ்கட் பாக்கெட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். இரண்டாவது பேட்ச் வரும்போது அந்த பாக்கெட்டுகளில் எறும்பு ஏறியிருந்தது.

சேரும்போதே பத்தாவது, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ் எல்லாம் ஒரிஜினலாக வாங்கி வைத்துக்கொண்டார்கள். பயிற்சியை நடுவில் விட்டுவிட்டு ஓடிவிடக் கூடாதாம். எந்த விதியில் அப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தெரியாதவள் அல்ல. மாதச் சம்பளம் என்னை வாயை மூடவைத்தது.

சேர்ந்த மூன்றாவது வாரம் தம்பிக்கு ஐடிஐயிலிருந்து கலந்தாய்வுக்கு அழைப்பு வந்தது. ஒரிஜினல் சான்றிதழோடு வரவேண்டும். பெரியம்மா மையத்துக்கு வந்து நின்றது. மேனேஜர் தரவில்லை. நானும் பக்கத்தில் நின்றேன். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம் பெரிம்மா" என்றேன். அடுத்த வருஷம் என்று ஒன்று அவனுக்கு வரவில்லை.

ஐடிஐ இரண்டு வருடத்துக்கும் மூன்று மாதப் பயிற்சிக்கும் என்ன வித்தியாசம் என்று இப்போது கேட்டால் என்னால் ஒரு மணி நேரம் பேச முடியும். ஐடிஐ முடித்து தேசியத் தொழிற்சான்றிதழ் வாங்கியவன் ரயில்வேயில் உதவி லோகோ பைலட் தேர்வு எழுதலாம். மின்வாரியத்தில் கள உதவியாளருக்கு விண்ணப்பிக்கலாம். பொதுத்துறை நிறுவனங்களில் அப்ரண்டிஸ் போகலாம். அந்தத் தாளுக்கு அரசு வேலை அறிவிக்கையில் ஒரு வரி இடம் இருக்கிறது. அரசு வேலை என்றால் நமக்கு 18 சதவீதம், அதற்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம், பழங்குடியினருக்கு 1 சதவீதம் என்று ஒரு கணக்காவது இருக்கிறது. மூன்று மாதச் சான்றிதழிலும் அரசின் முத்திரை இருக்கிறது. ஆனால் அதைத் தகுதி என்று குறிப்பிட்டு வந்த ஒரு அரசு அறிவிக்கையை நான் இதுவரை பார்த்ததில்லை. தனியாரிடம் போனால் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அனுபவம் இருக்கா?" என்று கேட்கிறார்கள்.

தம்பிக்கு வேலை கிடைத்தது. இதை மறைக்கக் கூடாது. சென்னையில் ஒரு பெரிய கடையில் எட்டாயிரத்து ஐநூறு ரூபாய் சம்பளம் என்று ஆணை கொடுத்தார்கள். மையத்தில் பேனர் கட்டி, மாலை போட்டு, பஸ் ஏற்றி அனுப்பினோம். அந்தப் போட்டோவில் நானும் இருக்கிறேன். தங்குமிடம், சாப்பாடு என்று பிடித்தம் போகக் கையில் வந்தது ஆறாயிரத்துச் சொச்சம். காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு பத்து வரை நிற்கவேண்டும். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது 2021இல்தான். அதற்கு ஐந்து வருடம் முந்தைய கதை இது. நான்காவது மாதம் கால் வீங்கித் திரும்பி வந்தான்.

மையத்தின் கணக்கில் அவன் வெற்றி. இந்தத் திட்டங்களில் பயிற்சி நிறுவனத்துக்குப் பணம் தவணையாக வரும், கடைசிப் பங்கு வேலைவாய்ப்போடு கட்டப்பட்டது. மூன்று மாதம் வேலையில் இருந்ததற்குச் சம்பளச் சீட்டோ வங்கிக் கணக்கில் பணம் ஏறிய விவரமோ காட்டினால் 'வேலை பெற்றவர்' ஆகிவிடுவான். நான்காவது மாதம் யாருக்கும் தேவையில்லாத மாதம். அவன் திரும்பி வந்ததைச் சொன்னபோது மேனேஜர் ஃபைலை மூடியபடி சொன்னார்: "உங்க பசங்களுக்கு ஒரு இடத்துல நிலைச்சு நிக்கிற புத்தி இல்ல மேடம்."

உங்க பசங்க. எட்டு மாதம் சம்பளம் வாங்கிய நானும் அந்த 'உங்க'வுக்குள்தான் இருந்தேன். அந்த மாதமே வேலையை விட்டேன். வீரமாக எதுவும் பேசிவிட்டு வரவில்லை. அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். சான்றிதழ்களை மட்டும் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கி வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்கு மூன்று மாதம் அலைந்தேன்.

கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மேற்பார்வையாளர் தம்பியிடம் என்ன கேட்டார் என்பதை அவன் ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னான். எந்த ஊரு? வந்தவாசி பக்கம். வந்தவாசியில் எந்த ஊரு? ஊர்ப் பெயரைச் சொன்னான். ஊர்லயா, காலனியா? அப்பா என்ன பண்றாரு? நிலம் இருக்கா? இந்த ஐந்து கேள்விக்கு அப்புறம் அவனைக் கல்லாப் பக்கமோ விற்பனைப் பக்கமோ நிறுத்தவில்லை. கிடங்கில் மூட்டை இறக்கப் போட்டார்கள். சிரிக்கவும் கைகூப்பவும் மூன்று மாதம் கற்றுக்கொண்டவன் ஒரு வாடிக்கையாளர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

எம்.ஏ. முடித்தவளுக்கு இது புதிதாகத் தெரிந்திருக்கக் கூடாது. 2007இல் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியில் சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஒரே தகுதி, ஒரே அனுபவம், பெயர் மட்டும் மாற்றி 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். தலித் பெயர் கொண்ட விண்ணப்பத்துக்கு அழைப்பு வரும் வாய்ப்பு உயர்சாதிப் பெயருக்கு இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான் இருந்தது. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. அதே இதழில் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் பெரிய நிறுவனங்களின் மனிதவள அதிகாரிகளைச் சந்தித்து எழுதிய கட்டுரையும் வந்தது. நாங்கள் தகுதியை மட்டும்தான் பார்க்கிறோம் என்று சொன்ன அதே அதிகாரிகள், நேர்முகத்தில் 'குடும்பப் பின்னணி' கேட்பது அவசியம் என்றும் சொன்னார்கள். இதையெல்லாம் நான் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். பிறகு ஸ்கூட்டியில் போய் அம்மாக்களிடம் "திறமை இருந்தா வேலை தானா வரும்" என்று சொல்லியிருக்கிறேன்.

திறன் பயிற்சி என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது, கவனித்தீர்களா? வேலை இல்லாததற்குக் காரணம் உன்னிடம் திறன் இல்லாததுதான் என்று அது சொல்கிறது. கடைக்காரரின் ஐந்து கேள்விகள் அதில் வருவதில்லை.

தம்பி அதற்கப்புறம் செய்த வேலைகளை வரிசையாகச் சொன்னால் ஒரு மாவட்டத்தின் தொழில் வரைபடம் கிடைக்கும். பெங்களூரில் சென்ட்ரிங். கல்யாணத்துக்குக் கேட்டரிங். செங்கல் சூளை. கொரோனா முடிந்ததும் சென்னையில் சாப்பாடு டெலிவரி, வண்டித் தவணை கட்ட முடியாமல் அதை விட்டான். 2022இல் குரூப் 4 எழுதினான். 7,301 இடம், கிட்டத்தட்ட 22 லட்சம் பேர் விண்ணப்பம். 2024இல் மறுபடி எழுதினான். 6,244 இடம், 20 லட்சம் பேர். இப்போது ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் இருக்கிறான். பதவி என்ன தெரியுமா? டிரெய்னி. வயது இருபத்தேழு. அவன் வாழ்க்கையில் அவன் பயிற்சியாளனாக இருப்பது இது மூன்றாவது முறை.

பயிற்சி என்ற சொல்லை நாம் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கவேண்டும். தமிழ்நாட்டில் இந்தச் சொல்லுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்று வளரிளம் பெண்களை மூன்று வருட ஒப்பந்தத்தில் விடுதியில் அடைத்து வேலை வாங்கினார்கள். கடைசியில் கல்யாணச் செலவுக்கு ஒரு தொகை தருவோம் என்று ஆசை காட்டினார்கள். போனவர்களில் பெருமளவு தலித் பெண்கள். ஆலைக் கணக்கில் அவர்கள் தொழிலாளர்கள் அல்ல, பயிற்சியாளர்கள். 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தில் 18ஆவது பிரிவு, பழகுநர் தொழிலாளர் அல்ல என்று நேராகவே சொல்கிறது. 2013இல் ஏஐசிடிஇ கொண்டுவந்த நீம் திட்டமும் அதே வழிதான். பயிற்சி பெற்றவருக்கு உதவித்தொகை இருந்தது, ஊழியர் என்ற உரிமை இருக்கவில்லை. தொழிலாளி என்றால் பி.எஃப். கேட்பான், சங்கம் கேட்பான், நிரந்தரம் கேட்பான். பயிற்சியாளன் என்ன கேட்பான்? சான்றிதழ்.

அந்தப் பழகுநர் சட்டத்திலேயே 3ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பழகுநர் இடங்களில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இடம் ஒதுக்கவேண்டும் என்கிறது அது. தனியார் நிறுவனத்துக்கும் பொருந்தும். முதல்முறை படித்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை. தனியார் துறையில் இட ஒதுக்கீடு கேட்டு நாம் எத்தனை வருடமாகக் கத்திக்கொண்டிருக்கிறோம்! இங்கே சட்டத்திலேயே ஒன்று இருக்கிறது, ஆனால் பயிற்சிக்கு மட்டும். உபாத்யாயா திட்டத்தின் பாதி நிதியும் பயிற்சிக்குத்தான். தாட்கோ நடத்தும் திறன் பயிற்சிகளும் பயிற்சிகள்தான். பயிற்சி அறை வரை ஒதுக்கீடு உண்டு. அந்த அறையின் மறுபக்கக் கதவைத் திறந்து வேலைக்குள் போகும்போது கிடையாது. உபதிட்ட நிதியைத் திருப்பிவிடக் கூடாது என்று 2024இல் தமிழ்நாட்டில் சட்டமே வந்திருக்கிறது, அதற்காகப் போராடியவர்களில் நாமும் உண்டு. அந்த நிதி மூன்று மாதப் பயிற்சி மையங்களின் வாடகைக்கும் பேனருக்கும் போனால் அது 'நமக்கே செலவழித்தது' என்று கணக்கில் ஏறும்.

நான் ஒருமுறை தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். எங்கள் பகுதியில் பயிற்சி முடித்து வேலையில் சேர்ந்தவர்களில், ஒரு வருடம் கழித்தும் வேலையில் இருப்பவர்கள் எத்தனை பேர்? அதில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர்? 'அவ்வாறான விவரம் இவ்வலுவலகத்தில் தொகுக்கப்படவில்லை' என்று பதில் வந்தது. பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே தொகுத்திருக்க மாட்டார்கள். பணம் விடுவிக்கத் தேவைப்படாத எந்த விவரத்தையும் யாரும் தொகுப்பதில்லை.

என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. நான் சேர்த்த நாற்பத்து மூன்று பேரின் பெயர்களும் அதில் உண்டு. முடிந்தவரை தேடிப் பார்த்தேன். பயிற்சி பெற்ற அதே தொழிலில் இன்று இருப்பவர்கள் இரண்டே பேர். இருவரும் நர்சிங் உதவியாளர் பயிற்சிக்குப் போன பெண்கள். ஒருத்தி காஞ்சிபுரத்தில் ஒரு மருத்துவமனையில் எட்டு வருடமாக இருக்கிறாள், தங்கையைப் படிக்கவைக்கிறாள். என்னைப் பார்த்தால் கையைப் பிடித்துக்கொள்வாள். அவள் பிடிக்கும்போதுதான் எனக்கு அதிகம் கூசுகிறது.

புள்ளிவிவரத்தில் தம்பி வேலையற்றவன் அல்ல. அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பு 2023-24இல் 15 முதல் 29 வயது வரையிலானவர்களின் வேலையின்மை விகிதம் 10.2 சதவீதம் என்றது. அதன் வழக்கமான கணக்கு முறையில் வருடத்தில் முப்பது நாள் துணைவேலை செய்திருந்தாலும் வேலையில் இருப்பவர்தான். சூளையில் ஒரு மாதம் மண் மிதித்தவன் வேலையில் இருப்பவன். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் மனித மேம்பாட்டு நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட 2024 அறிக்கையில் இன்னொரு கணக்கு. இளைஞர்களில் பட்டதாரிகளிடம் வேலையின்மை 29.1 சதவீதம், எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் 3.4 சதவீதம். படிக்காதவனுக்கு வேலை கொட்டிக் கிடக்கிறது என்று இதற்குப் பொருளா? சும்மா இருக்க அவனுக்கு வசதியில்லை என்று பொருள். கிரெய்க் ஜெஃப்ரி மீரட் பையன்களைப் பற்றி எழுதிய 'டைம்பாஸ்' என்ற புத்தகத்தை எம்.ஏ.வில் எங்களுக்குப் பரிந்துரைத்தார்கள். படித்துவிட்டு வேலைக்காகக் காத்துக்கொண்டு டீக்கடையில் உட்காரும் பையன்கள். பெரும்பாலும் ஜாட் பையன்கள். அவர்கள் காத்திருக்க அப்பாவின் கரும்பு வயல் இருந்தது. எங்கள் காலனியில் கோயில் திண்ணையில் உட்காரும் பையன் அடுத்த மேஸ்திரி கூப்பிடும் வரைதான் உட்காருகிறான்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1945இல் இந்த அலுவலகங்கள் தொடங்கப்பட்டபோது வைசிராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினர் அண்ணல் அம்பேத்கர். வேலை என்பது மேஸ்திரியின் கையிலும் சிபாரிசுக் கடிதத்திலும் இருக்கும்வரை நம் ஆட்களுக்குக் கதவு திறக்காது, ஒரு பொது அலுவலகத்தில் பெயர் வரிசைப்படி நின்றால் திறக்கலாம். அதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இன்று அங்கே பதிவது ஒரு சடங்கு. மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். ஐந்து வருடம் காத்திருந்தும் வேலை வராவிட்டால் உதவித்தொகை கேட்கலாம். பத்தாவது தவறியவருக்கு மாதம் 200, தேறியவருக்கு 300, பிளஸ் டூ என்றால் 400, பட்டதாரிக்கு 600. மூன்று வருடத்துக்கு மட்டும். முந்நூறு ரூபாயில் வந்தவாசியிலிருந்து திருவண்ணாமலைக்கு எத்தனை முறை போய்வரலாம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

2019இல் கோவை மாநகராட்சி 549 நிரந்தரத் துப்புரவுப் பணியிடங்களுக்கு அறிவிப்பு வெளியிட்டபோது சுமார் ஏழாயிரம் பேர் விண்ணப்பித்தார்கள், பொறியியல் பட்டதாரிகள் உட்பட. பட்டதாரிகள் துடைப்பம் எடுக்க வந்துவிட்டார்களே என்று பத்திரிகைகள் வருத்தப்பட்டன. எனக்கு வேறு ஒன்று தோன்றியது. நிரந்தரம், அரசுச் சம்பளம் என்றால் அந்த வேலைக்கு எல்லாச் சாதியும் வருகிறது. ஒப்பந்தம் என்று மாற்றினால் நாம் மட்டும் மிஞ்சுகிறோம். 2025 ஆகஸ்டில் சென்னையில் ரிப்பன் மாளிகை முன்னால் நாள்கணக்கில் உட்கார்ந்து, நள்ளிரவில் கைதான தூய்மைப் பணியாளர்கள் கேட்டது இதைத்தான். அவர்களுக்கு யாரும் திறன் பயிற்சி தரவில்லை, தேவையும் இல்லை. அந்தத் திறன் நமக்குப் பிறப்பிலேயே வந்துவிடுவதாக நாடு நம்புகிறது. விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் செருப்புத் தைப்பதும் துணி வெளுப்பதும் முடி திருத்துவதும் இருக்கின்றன, பதினெட்டு வயதிலேயே சேரலாம். 1953இல் ராஜாஜி பாதி நாள் பள்ளி, மீதி நாள் அப்பன் தொழில் என்றார். அடுத்த வருடமே அதை விரட்டியடித்த மாநிலம் இது. தமிழ்நாடு அரசு விஸ்வகர்மாவை ஏற்க மறுத்து, தன் கைவினைத் திட்டத்துக்கு 35 வயது என்று வரம்பு வைத்தது. அது சரியான முடிவு. பள்ளி முடித்து வரும் பதினெட்டு வயதுக்காரனுக்கு வேறு என்ன என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. 2025இல் பிளஸ் டூ தேர்ச்சி 95.03 சதவீதம். இத்தனை பேரைத் தேறவைத்த மாநிலம் அவர்களை எங்கே அனுப்புகிறது?

மஞ்சள் நோட்டீஸோடு வந்தவள் கதைக்கு வருகிறேன். அவளுக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. ஒன்பது வருடம் முன்பு உடனே சொன்னதன் விலை என்ன என்று தெரியுமே. "உங்க அண்ணன் என்ன சொல்றான்?" என்றேன். "அவன்தான் உன்னாண்ட கேக்கச் சொன்னான்" என்றாள்.

அவன் என்னோடு நேராகப் பேசி எத்தனையோ வருடம் ஆகிறது. சண்டை எதுவும் கிடையாது. கல்யாணம், காரியம் என்று பார்க்கும்போது "வாக்கா" என்பான், அதோடு சரி.

மறுநாள் இருவரும் ஐடிஐக்குப் போய்ப் பார்த்தோம். எலக்ட்ரீஷியன், இரண்டு வருடம். மாதம் 750 ரூபாய் உதவித்தொகை. அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் இன்னும் ஆயிரம். சைக்கிள், சீருடை, பாடப்புத்தகம் இலவசம். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். ஐடிஐ முடித்த எல்லோருக்கும் வேலை கிடைத்துவிடாது என்பதையும் எழுதினேன். எந்தெந்தத் தேர்வு எழுதலாம், அதில் நம் ஒதுக்கீடு எவ்வளவு, தனியாரில் சேர்ந்தால் முதல் கேள்வி என்னவாக இருக்கும் என்பதையும் எழுதினேன். வீட்டில் பெரியம்மா, "பொட்டப் புள்ள கம்பத்துல ஏறுமா?" என்று ஒரு வாரம் புலம்பியது. டெய்லரிங் சேர்க்கலாம் என்றது. அவள் கேட்கவில்லை.

சேர்க்கை நாளன்று தம்பிதான் லீவு போட்டுவிட்டு பைக்கில் கூட்டிவந்தான். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வரவில்லை. அலுவலகத்தில் ஒரிஜினல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டு அங்கேயே திருப்பிக் கொடுத்தார்கள். மாற்றுச் சான்றிதழை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். வெளியே வந்ததும் அவன் முதலில் கேட்டது அதைத்தான். "ஒரிஜினல் கையில கீதா?" தங்கை பையைத் திறந்து காட்டினாள். பார்த்துவிட்டு வண்டியை உதைத்துக் கிளப்பினான்.

பிரிவில் பெண்கள் மூன்று பேர்தானாம். வகுப்பு தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. 750 ரூபாய் இன்னும் கணக்கில் ஏறவில்லை. ஆதாரில் அவள் பெயரின் இனிஷியல் பின்னால் இருக்கிறது, வங்கிப் புத்தகத்தில் முன்னால் இருக்கிறது, அதனால் இணைக்க முடியவில்லை என்கிறார்கள். திங்கட்கிழமை அவளோடு வங்கிக்குப் போகவேண்டும்.